கெப்பின் டிபரன்சலுக்குள் வந்த தண்ணீர்

கார்த்திகை மழை இரண்டு நாள் விட்டிருந்த ஒரு காலையில், மகள் வீட்டு முற்றத்தில் நின்ற, பின்னால் திறந்த பெட்டி வைத்த கெப் வாகனத்தின் கீழே மணலில் மூன்று கறுப்புப் பொட்டுகளைக் கண்டேன். ஒரு பொட்டென்றால் பேசாமல் போயிருப்பேன். பழைய வாகனம் ஓரிடத்தில் சொட்டும், அது அதன் வயது. ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் சொட்டினால் அது வயது இல்லை. யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள்.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். பன்னிரண்டு வயதில் வாவியில் தோணிக்குக் கோல் ஊன்றினேன். பிறகு லொறியில் கிளீனர், பிறகு றைவர், பிறகு சொந்த லொறி. இன்றைக்கு வெல்லாவெளிப் பக்கம் வட்டையில் எனக்கு நல்ல வயல் இருக்கிறது, இரண்டு உழவு இயந்திரம் இருக்கிறது. சீதனமாக வந்தது ஒரு ஓலை வீடு. அதையும் நான்தான் கல்வீடாக்கினேன். என் வாகனங்களில் ஒன்று சத்தம் போட்டால் பாயில் படுத்திருந்தபடியே சொல்வேன், இது எந்தச் சில்லுப் பெயாரிங் என்று. கராஜுக்குக் கொண்டுபோனால் நான் சொன்னதுதான் சரியாக இருக்கும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, ஊரில் கேட்டுப் பார்க்கலாம்.

அப்படிப்பட்டவன் மூன்று பொட்டைக் கண்டுவிட்டுச் சும்மா போக முடியாது.

எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணத்தோடு வீடு மகளுக்குப் போய்விடும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். நானும் மனைவியும் அதே வளவின் பின்பக்கத்தில் இரண்டறை போட்டுக்கொண்டு ஒதுங்கினோம். மருமகன் வடக்கே பனிச்சங்கேணிக்காரர். கல்யாணத்தன்று சபையில் எல்லோரும் கேட்க, வீட்டோடு கெப்பும் மகளுக்கு என்று நான் சொன்னேன். சொன்னேனே தவிர, வாகனப் பதிவுப் புத்தகத்தை என் பெயரிலேயே வைத்துக்கொண்டேன். ஆள் எப்படி என்று பார்ப்போம், பிறகு எழுதுவோம் என்பது என் கணக்கு. பார்த்துக்கொண்டே மூன்று வருடம் போய்விட்டது.

அவர் கெப்பை வைத்துத் தயிர் ஓட்டினார். விடியக் கிளம்பிக் குருக்கள்மடம் துறைக்குப் போவார். அங்கிருந்து வாகனங்களை ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையை எங்கள் ஆட்கள் பாதை என்பார்கள். அந்தப் பாதையில் ஏறி அம்பிளாந்துறையில் இறங்கி, வாவிக்கு அக்கரையான படுவான்கரையில் மாட்டுப்பட்டிகளில் எருமைத் தயிர்ச் சட்டிகளை ஏற்றிக்கொண்டு, மத்தியானத்துக்குள் திரும்பி மெயின் ரோட்டுக் கடைகளுக்குப் போடுவார். குடிக்கமாட்டார், சண்டைக்குப் போகமாட்டார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. வாய் கொடுக்கிற ஆள் பொய் சொன்னால் எங்கேயாவது தட்டுப்படும். இந்த ஆளை எதை வைத்துப் பிடிப்பது?

அதனால் அவர்கள் எழும்புமுன் நான் தினமும் ஒருதரம் கெப்பைச் சுற்றிப் பார்ப்பேன். ரயரில் என்ன சேறு, பெட்டியில் என்ன குப்பை, கீழே என்ன ஈரம். மனைவி இதைக் கண்டு ஒருநாள் கேட்டாள், அது உங்கட வாகனமா அவங்கட வாகனமா என்று. புத்தகத்தைப் பார், தெரியும் என்றேன்.

பொட்டுகளைக் கண்ட அன்று பலத்த காற்றால் மிதவைப் பாதையை நிறுத்தியிருந்தார்கள். கெப் வெளிக்கிடாது, அவரும் எழும்பவில்லை. நான் சாக்கை விரித்துக் கீழே புகுந்தேன். கெப்பின் பின் அச்சுக்கு நடுவில் பானை மாதிரி உப்பிக்கொண்டு ஒன்று இருக்கும், அதுதான் டிபரன்சல். இயந்திரத்திலிருந்து வருகிற சுற்றை இரண்டு பின் சில்லுக்கும் பிரித்துக் கொடுப்பது அது. உள்ளே பற்சில்லுகள் தடித்த ஒயிலில் குளித்துக்கொண்டு கிடக்கும். அந்த ஒயில் வெளியே வராமலும், வெளியே இருப்பது உள்ளே போகாமலும் மூன்று வாயில் ரப்பர் சீல் இருக்கிறது: முன்னால் தண்டு நுழைகிற இடத்தில் ஒன்று, சில்லுப் பக்கம் இரண்டு. துணித் துண்டால் துடைத்துப் பார்த்தேன். மூன்று வாயும் நனைந்திருந்தது. சில்லுப் பக்கத்து ஈரம் பிரேக் ஒயிலாகவும் இருக்கலாம் என்று விரலில் எடுத்து மணந்தேன். கூழ்முட்டை நாற்றம். டிபரன்சல் ஒயில்தான், சந்தேகமில்லை.

மூன்று சீலும் ஒன்றாய்ச் செத்திருக்கிறதே, அப்படி என்ன பாரம் ஏற்றினார்? தயிர்ச் சட்டிக்குச் சீல் சாகாது.

ஒயில் ஊற்றுகிற மேல் பிளக்கைக் கழற்றி விரலை விட்டேன். விரலில் வந்தது ஒயில் இல்லை, பால் கூடிய தேத்தண்ணி. ஒயிலும் தண்ணீரும் சேர்ந்து பற்சில்லு கடைந்தால் அந்த நிறம்தான் வரும். உடனே ஒரு வெறும் போத்தலை எடுத்துக்கொண்டு வந்து கீழ்ப் பிளக்கை மெல்லத் தளர்த்தினேன். தண்ணீர் கனம், நின்ற வாகனத்தில் அது அடியில் போய்க் கிடக்கும். முதலில் வருவது அதுதான். கலங்கலாக அரைப் போத்தல் அளவுக்கு வந்தது. பிறகு தேத்தண்ணி நிறம் வரத் தொடங்க, பிளக்கை இறுக்கிவிட்டேன்.

பெட்டிக்குள் ஏறிப் பார்த்தேன். மூலையில் மணல். கையில் எடுத்துத் தேய்த்தேன். கடற்கரை மணல் போல மா இல்லை, பருக்கை. ஆற்று மணல்.

படுவான்கரையில் அனுமதி இல்லாமல் ஆற்றுக்குள் வாகனத்தை இறக்கி மணல் ஏற்றுகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்பது எல்லோரும் அறிந்த கதை. பிடிபட்டால் றைவரை மட்டும் கேட்கமாட்டார்கள், புத்தகத்தில் யார் பெயர் என்றும் கேட்பார்கள். என் வயதில் நான் கோட்டுக் கூண்டில் ஏறி நிற்பதா?

இருந்தாலும் நான் அவசரப்படுகிறவன் இல்லை. போத்தலைக் கோழிக்கூட்டின் மேலே அசையாமல் வைத்தேன். மத்தியானம் போய்ப் பார்க்க, ஒயில் மேலே வந்து தண்ணீர் கீழே தெளிந்திருந்தது. ஒரு குழாயை மெல்ல அடிக்கு விட்டு உறிஞ்சி, அந்தத் தண்ணீரில் இரண்டு துளியை நாக்கில் வைத்தேன். ஒயில் நாற்றம் மூக்கில் அடித்தது, துப்பிவிட்டு மறுபடியும் வைத்தேன். உப்பு இல்லை.

இந்த யோசனை எந்தப் பல்கலைக்கழகக் கம்பஸில் படித்தவனுக்கும் வராது. எனக்கு வந்தது. வாவி கடலோடு தொடுப்பு, அதன் தண்ணீர் என்றால் உப்புக் கரிக்கும். கரிக்கவில்லை. ஆகவே கெப் இறங்கியது வாவியில் இல்லை, ஆற்றில். மணல், பாரம், சீல், தண்ணீர் எல்லாம் ஒரே பக்கம் கை காட்டியது.

பின்னேரம் மருமகன் முற்றத்தில் சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். மகள் வாசலில் நின்றாள். நான் போத்தலைக் கொண்டுபோய் அவருக்கு முன்னால் வைத்தேன்.

"இது என்ன தம்பி?"

அவர் பார்த்தார். "டிபரன்சல் ஒயில் போல இரிக்கி. தண்ணி போயிருக்கா?"

"எந்தத் தண்ணி?"

"வாவித் தண்ணிதான் மாமா. மழைக்குத் துறை தாண்டு போச்சி. தண்ணிக்குள்ள இறங்கித்தான் பாதையில ஏத்துற."

"வாவித் தண்ணி உப்பு. இது உப்பில்ல. நான் குடிச்சிப் பாத்துத்தான் கேக்கிறன்."

அவர் மறுபடியும் சட்டியை எடுத்துக் கழுவத் தொடங்கினார். பதில் இல்லாதவன் செய்கிற வேலை என்று நினைத்தேன். பெட்டியில் மணல் எப்படி வந்தது என்று கேட்டேன். வெறும் பெட்டியோடு சேற்றில் போனால் பின் சில்லு வழுக்குகிறது, பாரத்துக்கு இரண்டு மணல் மூட்டை வைத்திருந்தேன், ஒன்று கிழிந்துவிட்டது என்றார். கையோடு விறாந்தையின் அடியில் கிடந்த மூட்டையையும் காட்டினார். காட்டத்தான் செய்வார், முன்கூட்டியே யோசித்திருப்பார் என்று நினைத்தேன். அப்போது என் மனம் அப்படித்தான் இருந்தது. எதைக் காட்டினாலும் அது எனக்கு இன்னொரு சாட்சியாகத்தான் தெரிந்தது.

கெப்பை ஸ்டார்ட் பண்ணுகிற திறப்பை வாங்கி மடியில் செருகிக்கொண்டேன். இனி ஓடத் தேவையில்லை என்றேன்.

மகள் வாசலை விட்டு இறங்கினாள். என் பிள்ளை, என்னைப் போலத்தான். வந்து சட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாய் அடுக்கினாள்.

"கெப் இல்லாட்டி இவருக்கு இஞ்ச என்ன வேலையப்பா? பனிச்சங்கேணிக்குப் போறம். அங்க இவங்கட அண்ணன்ட தோணி இரிக்கி."

"நீ என்னத்துக்குப் போற? உன்ட வீடு இது."

"வீட்ட நீங்களே வைச்சிக் கொள்ளுங்க. புத்தகம் வைச்சிருக்கிற மாதிரி."

எங்கள் பக்கம் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் வருவார். மகள் வீட்டைப் பூட்டிக்கொண்டு புருஷன் ஊருக்குப் போனால், அந்த வளவில் ஏதோ பெரிய பிழை நடந்துவிட்டது என்று ஊர் நினைக்கும். ஊரை விடுங்கள். எனக்கு அவள் ஒரே பிள்ளை. காலையில் அவள் முற்றம் கூட்டுகிற சத்தம் கேட்காமல் நான் தேத்தண்ணி குடித்ததில்லை. அன்றிரவு மனைவி சோற்றைப் போட்டு மூடிவைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

ஆனாலும் நான் விடவில்லை. கெப்பைக் காத்தான்குடிக்கு ஓட்டிக்கொண்டுபோய், அங்கே எனக்குப் பழக்கமான மெக்கானிக்கைக் கொண்டு டிபரன்சலைத் திறந்து பார்த்து, ஆற்றில் பாரம் இழுத்ததுதான் என்று அவர் வாயால் சொல்ல வைத்துவிட்டால் மகள் அடங்குவாள் என்று நினைத்தேன். அடுத்த நாள் காலையில் நான் கெப்பில் ஏற, மருமகன் வந்து மற்றப் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"நானும் வாறன்."

வந்தால் மெக்கானிக்கைக் கண் காட்டிச் சரிப்படுத்திவிடுவாரோ என்று ஒரு எண்ணம். வரவேண்டாம் என்று சொன்னால் நான் பயப்படுகிறேன் என்று நினைப்பாரோ என்று இன்னொரு எண்ணம். ஆரையம்பதி தாண்டும்வரை நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன். பின்னால் டிபரன்சல் மட்டும் வண்டு மாதிரி ஊதிக்கொண்டு வந்தது. அவர் ஒருதரம் குனிந்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். நானும் கேட்டேன். இரண்டு பேருக்கும் அது பெயாரிங் என்று தெரியும், சொல்லிக்கொள்ளவில்லை.

மெக்கானிக் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது குறைந்தவர். கிளீனராக இருந்த காலம் தொட்டு அவருடைய வாப்பாவின் கராஜுக்குப் போய் வந்தவன் நான். கராஜின் பின்பக்க வேலிக்கு அப்பால் வாவி. நான் மருமகனைப் பேசவிடாமல் முந்திக்கொண்டு என் கண்டுபிடிப்பு முழுவதையும் சொன்னேன். மூன்று சீல், தேத்தண்ணி நிறம், போத்தல், நாக்கு, உப்பில்லாத தண்ணீர். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நாக்கில் வைத்துப் பார்த்த இடம் வந்ததும் ஆட்டுவதை நிறுத்தினார்.

"அண்ணன், முகத்துவாரம் வெட்டிட்டாங்களா?"

நான் விளங்காமல் பார்த்தேன். அவர் கை துடைக்கிற சீலையால் பின்பக்க வேலியைக் காட்டினார்.

"பின்னுக்குப் போய் ஒரு கை அள்ளிப் பாருங்க. மறுகா கதைப்பம்."

போனேன். வேலி இடுக்கால் இறங்கினால் வாவி பாதிக் கரையை விழுங்கிக்கொண்டு கிடந்தது. கணுக்கால் அளவில் நின்று ஒரு கை அள்ளி வாயில் விட்டேன். சப்பென்று இருந்தது. இன்னொரு கை அள்ளினேன். மண் வாசம் இருந்ததே தவிர உப்பு மருந்துக்கும் இல்லை.

இது எனக்குத் தெரியாததில்லை. மாரிக்குப் படுவான்கரையின் எல்லா ஆற்று வெள்ளமும் வந்து வாவியில் நிறையும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் மணல் மேடு மறித்துக்கொண்டு நிற்கும். வெள்ளம் வயலுக்கும் வீட்டுக்கும் ஏறுமுன் அந்த மேட்டை வெட்டி விடுவார்கள், அதுதான் முகத்துவாரம் வெட்டுவது. வெட்டின பிறகுதான் கடல் உள்ளே ஏறும், உப்பும் வரும். அதுவரை வாவி நல்ல தண்ணீர். அந்தத் தண்ணீரில்தான் சிறுவயதில் தோணியில் சோறு கரைத்துக் குடித்திருக்கிறேன். அந்த வருடம் இன்னும் வெட்டவில்லை. எத்தனையோ வருடமாக வாகன ஆசனத்தில் உட்கார்ந்தபடியேதான் பாதையில் போய்வருகிறேன், கையை நனைத்து யார் பார்த்தது. அல்லது, பார்க்க மனம் இருக்கவில்லை. உப்பில்லை என்று நாக்கு சொன்னதும் எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

திரும்பி வந்தபோது மெக்கானிக் முகத்தைப் பார்க்காமல், சரி, வாவித் தண்ணீராகவே இருக்கட்டும், அது சீலுக்குள்ளால் எப்படிப் போகும், பாரம் இழுத்துச் சீல் செத்ததால்தானே என்று கேட்டேன். தோற்ற மனதோடு இல்லை. ஒரு பக்கம் போனால் இன்னொரு பக்கம் இருக்கிறது என்றுதான் நின்றேன்.

அவர் தரையில் அட்டையை விரித்துக் கெப்பின் கீழே போனார். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் குந்தியிருந்து பார்த்தோம். பதினைந்து கிலோமீற்றர் ஓடி வந்த டிபரன்சல் சூடாக இருந்தது. மேல் பிளக்கில் ஸ்பனரைப் போட்டு அரைச் சுற்றுத்தான் திருப்பினார். உஸ் என்று காற்றுச் சீறிக்கொண்டு வந்தது, கூடவே ஒயில் நுரையும்.

"கேட்டீங்களா?" என்றார் கீழே இருந்தபடி. "மூச்சு முட்டிக் கிடக்கு."

நான் திறந்தது விடியற்காலையில், ஆறிப்போன வாகனத்தில். அதனால் அந்தச் சீறல் எனக்குக் கேட்கவில்லை. களவாகப் பார்த்தால் களவுக்குரிய நேரத்தில்தானே பார்க்க முடியும்.

அவர் விளங்கப்படுத்தினார். ஓடும்போது டிபரன்சல் சூடாகும், உள்ளே காற்று விரியும். அது வெளியே போக அச்சின் மேலே ஒரு சின்ன மூச்சுக்குழாய் இருக்கிறது, பிறீதர் என்பார்கள். அது அடைபட்டால் காற்றுக்கு வழியில்லை; ஒயிலைத் தள்ளிக்கொண்டு சீல் மூன்றையும் நெருக்கி வெளியே வரும். பிறகு சூட்டோடு சூடாகத் துறையில் குளிர்ந்த தண்ணீருக்குள் இறக்கினால் உள்ளே காற்றுச் சுருங்கும். சுருங்கினால் உறிஞ்சும். மேலே வழி இல்லாததால் அதே சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஒவ்வொரு நாளும் போகும்போது ஒரு மடக்கு, வரும்போது ஒரு மடக்கு.

"பாரமும் இல்ல மண்ணும் இல்ல அண்ணன். ஆரோ மூச்ச அடைச்சிருக்கான்."

அவர் கையை மேலே விட்டுத் தடவினார். குறடு கேட்டார், மருமகன் எடுத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு சின்னப் பொருளைக் கொண்டு வெளியே வந்து உள்ளங்கையில் காட்டினார். சைக்கிள் ரியூப் துண்டு, மூன்று மடிப்பு. அதைச் சுற்றிச் செம்புக் கம்பி. உள்ளே தாரில் நனைத்த பஞ்சு.

அந்தக் கட்டு எனக்குத் தெரிந்த கட்டு. தோணியில் பலகை இடுக்கில் ஓட்டை விழுந்தால் தார்ப் பஞ்சை வைத்து இப்படித்தான் கட்டுவோம், கம்பியை இரண்டு தரம் சுற்றி முனையை உள்ளே மடக்கி. ஐப்பசியில் முதல் மழை விழுந்த கிழமை ஒரு காலை கெப்பின் கீழே நான் படுத்திருந்தேன். அச்சின் மேலே குழாயின் மூடி கழன்று வாய் திறந்து கிடந்ததைக் கண்டேன். துறையில் இறங்கும்போது இதற்குள்ளால் தண்ணீர் போகுமே, இந்த ஆளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்து, என் கையாலேயே அடைத்துக் கட்டினேன். ஓட்டையைக் கண்டால் அடைக்கத்தான் எனக்குத் தெரியும். வாவியில் பழகின கை அப்படி. மூச்சு விடுவதற்கென்று ஒரு ஓட்டை வைப்பார்கள் என்று எந்தத் தோணியும் எனக்குச் சொல்லித் தரவில்லை. லொறி, உழவு இயந்திரம் என்று எத்தனை வைத்திருந்தும் அந்தச் சின்னக் குழாயைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. செய்ததை மருமகனிடம் சொல்லவுமில்லை. சொன்னால், விடியற்காலையில் என்ட கெப்புக்குக் கீழே உங்களுக்கு என்ன வேலை என்று கேட்பாரே. பிறகு அது என் நினைவிலேயே இல்லை.

மெக்கானிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தெரியாம விழுந்த அடைப்பில்ல இது. ஒருத்தன் இருந்து கட்டியிரிக்கான். உங்கட வீட்டில பகையா ஆருக்கும்?"

பேசாமல் இருந்திருக்கலாம். அந்த நிமிடத்தில் அப்படித்தான் தோன்றியது. யாரோ ஊரான் செய்தான் என்று விட்டுவிட்டால் எல்லோருக்கும் பொது எதிரி ஒருவன் கிடைப்பான். ஆனால் மருமகன் அந்தக் கம்பி முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் தோணிக்காரக் குடும்பம்.

"நான்தான் கட்டினன்," என்றேன்.

மெக்கானிக் சிரிக்கத் தொடங்கி, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மருமகன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. எழும்பிப் போய் வேலியோரம் நின்று வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய ஒயிலை வடித்து, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, மூன்று சீலும் ஒரு பெயாரிங்கும் மாற்றி, மூச்சுக்குழாய்க்கு ஒரு நீண்ட ரியூப் போட்டுக் கெப்பின் இரும்புச் சட்டத்தின் மேல் உயரத்தில் கட்டிவிட்டார்கள். இனித் தண்ணீருக்குள் இறங்கினாலும் அது மேலே இருந்து மூச்சு விடும். வேலை முடியப் பின்னேரமாகிவிட்டது. திரும்பும்போது திறப்பை நான் அவரிடம் கொடுத்தேன். அவர் ஓட்டினார். ஊதல் சத்தம் இல்லை. பாதி வழியில் வேகத்தைக் குறைத்தார்.

"மாமா, ஒண்டு கேக்கட்டா?"

"கேளுங்க."

"தெரியாமத்தான் அடைச்சீங்களா?"

"பின்ன? என்ட வாகனத்த நானே தெரிஞ்சி பழுதாக்குவனா?"

"புத்தகம் எழுதிக் குடுக்க மனமில்ல எண்டு தெரியும். கெப் பழுதாப் போனா திறப்ப வாங்கலாம்தானே." அவர் ரோட்டைப் பார்த்தபடி சொன்னார். "நான் களவா மண் ஏத்தினன் எண்டு உங்களுக்கு நினைக்க ஏலும் எண்டா, இத எனக்கு நினைக்க ஏலாதா?"

அவர் சொன்ன மாதிரி வரிசையில் வைத்துப் பார்த்தால் எல்லாம் பொருந்தித்தான் இருந்தது. நானே மறைந்து போய்க் கட்டினேன், யாருக்கும் சொல்லவில்லை, ஒயில் சொட்டினதை நானே முதலில் கண்டேன், போத்தலோடு வந்ததும் நான், திறப்பைப் பிடுங்கினதும் நான். அவருக்கு எதிராக என்னிடம் இருந்ததைவிட எனக்கு எதிராக அவரிடம் கூடுதலான சாட்சி இருந்தது. தெரியாமல் செய்தேன் என்பதற்கு என் வாய் ஒன்றுதான். அவர் வாயை நான் நம்பினேனா, அவர் என் வாயை நம்ப?

வீட்டுக்கு வந்தபோது மகள் உடுப்புகளை இரண்டு பைகளில் கட்டி விறாந்தையில் வைத்திருந்தாள். புருஷன் எல்லாவற்றையும் அவளிடம் குசினிக்குள் வைத்துச் சொன்னார். அவள் வெளியே வந்து என்னைப் பார்த்த பார்வையில், அவளும் அதே கேள்வியைத்தான் கேட்டாள். மனைவி மட்டும் கிணற்றடியில் இருந்து சொன்னாள்:

"கள்ளன் எண்டு தேடித் தேடி கடைசில ஆரப் பிடிச்சாங்க எண்டு கேளு புள்ள."

ஒருவரும் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் காலையிலேயே நான் மகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் புத்தகத்தை அவள் பெயருக்கு மாற்றுவதற்குரிய தாளில் கையெழுத்து வைத்தேன். என் கையெழுத்தை நானே கோணலில்லாமல் போடுவேன், பெருவிரல் வைக்கிறவன் இல்லை. வந்து மருமகனிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். பைகள் இன்னும் விறாந்தையில்தான் இருந்தன.

"போகாதீங்க," என்றேன். வாழ்க்கையில் நான் இப்படி யாரிடமும் கேட்டதில்லை. வயலுக்குத் தண்ணீர் கேட்டும் அதைப் பங்கிடுகிற வட்டை விதானையிடம் கெஞ்சினவன் இல்லை நான்.

அவர் புத்தகத்தைத் திறந்து பார்க்காமல் மகளிடம் நீட்டினார்.

"புத்தகத்துக்காகப் போக வெளிக்கிடல்ல மாமா. இருக்கிறம். ஒண்டு மட்டும். இனி கெப்புக்குக் கீழ நீங்க போகக்கூடா. சொட்டினாலும் சரி, எரிஞ்சாலும் சரி."

நாற்பது வருடம் வாகனத்துக்குக் கீழே கிடந்தவனிடம் கேட்கிற காரியமா இது? மகள் பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓம் என்றேன்.

இப்போது நான் கிட்டப் போவதில்லை. கெப் துறைக்கும் கடைகளுக்கும் ஓடுகிறது, ஊதலும் இல்லை, சொட்டும் இல்லை. மகள் முற்றம் கூட்டுகிற சத்தத்தில்தான் எழும்புகிறேன். மருமகன் முன்னைவிடக் கொஞ்சம் கதைக்கிறார் கூட. ஆனால் வெளிக்கிடுமுன் அவர் ஒவ்வொரு நாளும் குனிந்து பின் அச்சுக்கு மேலே கையை விட்டு அந்த ரியூபைத் தடவிப் பார்ப்பார். நான் என் வாசலில் தேத்தண்ணியோடு இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். நான் பார்ப்பது அவருக்குத் தெரியும். நேற்று என் செருப்பை நாய் இழுத்துக்கொண்டுபோய்க் கெப்பின் பின் சில்லடியில் போட்டிருந்தது. அவர் செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாய்தான் என்று வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். அவர் செருப்பை எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு, சாக்கை விரித்துக் கீழே புகுந்து, வழக்கத்தைவிடக் கூடிய நேரம் பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணினார்.